லத்தீன் தெரிந்தவர்

வண்டியை முறுக்குகிறேன், உப்பளச் சாலையில் மத்தியான வெயில் கண்ணைக் குத்துகிறது, பின்னால் இருக்கும் கிழவர் என் தோளைப் பிடிக்காமல் கைகளை மடியில் கோத்து வைத்திருக்கிறார், ஒரு பள்ளத்தில் விட்டால் ஆள் கீழே, பிடிச்சுக்கோங்க சார் என்கிறேன், நீங்க விரட்டுங்க தம்பி, மூச்சு இருக்கும்போதே போயிரணும் என்கிறார், சாகக் கிடக்கும் என் அப்பாவிடம் ரிட்டயர்டான இன்சூரன்ஸ் ஏஜெண்டுக்கு என்ன அவசரம். ரெமிஜியுஸ் என்று பெயர், அம்மாதான் அனுப்பினாள், பாலம் தாண்டி நீல கேட்டு, நாய் குரைக்கும், கடிக்காது, போ எய்யா என்றாள், கடிக்காது என்று அம்மாவுக்கு எப்படித் தெரியும்.

அப்பாவுக்கு லத்தீன் வேண்டும். காலையிலேயே சின்ன ஃபாதர் ஜெரோசின் சாகக் கிடப்பவர்களுக்குப் பூசும் எண்ணெய்ச் சிமிழோடு வந்தார், அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார், லத்தீன்ல மன்னிப்புக் குடுங்க, இல்லேன்னா இப்படியே போறேன், ஃபாதர் பாவம், போனை எடுத்துத் தேடினார், இருக்கு தாத்தா, வாசிக்கிறேன், கண்ணைத் திறக்காமலே அப்பா, போனைப் பாத்து வாசிக்கிற மன்னிப்பு எனக்கு வேண்டாம் சாமி என்றார், பாவத்தோடேயே போய்விடுவாரே என்று நான் பதறுகிறேன், அம்மா பதறவில்லை, அதுதான் உறுத்தியது, விலாசத்தை நாக்கில் தயாராக வைத்திருந்தவள் போல என் காதில் சொன்னாள். அப்பா எப்போதும் இப்படித்தான், நான் சின்னவன், பெரிய வியாழன், கோயிலே தமிழில் பாடுகிறது, அப்பா மட்டும் லத்தீனில், உமக்குத் தனியா ஒரு கடவுளா தொம்மை என்று பின் பெஞ்சில் சிரிக்கிறார்கள், அவர் பாட்டு சாம்பிராணிப் புகையாகிறது, புகைக்குள் அம்மா முக்காட்டோடு வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறாள், யாரைத் தேடினாள், இல்லை, அது கனவில் வந்ததா, கிறிஸ்துமஸ்தோறும் தூக்குவாளியில் பலகாரத்தோடு பாலத்துப் பக்கம் பஸ் ஏறுவாளே அது கனவில்லை, எங்கேம்மா, தெரிஞ்ச வீட்டுக்கு, அப்பா பேப்பரை முகத்துக்கு நேரே இன்னும் உயர்த்திக்கொள்வார், சீ என்று என்னையே திட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்க்கிறேன், பின்னால் இருப்பவரின் மூக்கு என் மூக்கு மாதிரியா இருக்கிறது.

வீட்டில் அவர் கை கழுவுகிறார், சின்ன ஃபாதர் தன் கழுத்திலிருந்த ஊதா ஸ்டோலை, சாமிமார் போடும் பட்டையை, கழற்றி முத்தமிட்டு அவர் தோளில் போடுகிறார், ஒரு இன்சூரன்ஸ்காரர் தோளில், எல்லாரும் வெளியே வருகிறோம், கதவுக்குப் பின்னால் அப்பா வெகுநேரம் முணுமுணுக்கிறார், பிறகு ரெமிஜியுஸின் குரல், எகோ தே அப்சோல்வோ, உன்னை மன்னிக்கிறேன் என்கிற அந்த லத்தீன், தட்டுத்தடங்கல் இல்லாமல், நெடுநாள் கழித்து யாரோ சொந்த வீட்டுப் படியேறுவதுபோல. யார் இவர் என்று ஃபாதரைப் பிடித்தேன், அண்ணே, குருப்பட்டம் ஒரு தடவை வாங்கினா அழியாது, விலகிப்போனவரா இருந்தாலும் சாவு நேரத்துல அவர் குடுக்கிற மன்னிப்பு செல்லும் என்றார். அம்மா தரையைப் பார்த்தே பேசினாள், முந்தி இவருதான் நம்ம பங்குச் சாமி, அங்கியைக் கழத்திட்டுக் கல்யாணம் முடிச்சாரு, ஆள் திரட்டிட்டுப் போய் ஊரைவிட்டு விரட்டினது உங்கப்பா, அப்புறம் ஏன்மா லத்தீன் லத்தீன்னு அடம் பிடிச்சாரு, ஏலே, இந்தச் சுத்துவட்டாரத்துல லத்தீன் தெரிஞ்சவரு இவர் ஒருத்தர்தான், அது அவருக்குத் தெரியாதா, பேரைச் சொல்லிக் கூப்பிட வாய் வரல.

கதவு திறந்தது, ரெமிஜியுஸ் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, செலஸ்தீனைப் பாக்கணும்கிறார் என்றார், அம்மா சாவியை என் கையில் திணித்தாள், வண்டியை முறுக்குகிறேன், அதே உப்பளம், அதே வெயில், பின் சீட்டு காலி, யாரும்மா செலஸ்தீன் என்று வாசலில் கேட்டதற்கு அவள் சொன்னது காற்றோடு கூடவே வருகிறது, இவரு கட்டினவதான், உங்கப்பா கூடப்பிறந்த தங்கச்சி, உனக்கு அத்தை.