அரிசிப் பானைக்குள் கொலைகாரன்

என் வீட்டுக்காரர் பெயர் துவான். அவரிடம் ஒரு ரகசியத்தைச் சொன்னால் வாயைப் பூட்டிக்கொள்வார். ஆனால் குரல் காட்டிக்கொடுத்துவிடும். அதுதான் வந்த வினை.

பத்தொன்பது வருஷம் பூ ரியெங் என்கிற எங்கள் ஊரில் வார்டு ஒலிபெருக்கியில் அறிவிப்பு வாசித்தவர் அவர். பன்றிக்குத் தடுப்பூசி, தண்ணீர் நிற்கும் நேரம், காணாமல் போன எருமை, எல்லாம் அவர் வாயால் வந்தால்தான் ஊருக்கு நம்பிக்கை. ஓய்வு கொடுத்து அனுப்பியதும் மனுஷன் பேச்சையே விட்டுவிட்டார். எட்டு மாசம்! சோறு போடவா என்றால் தலையாட்டுவார். தலையாட்டுகிறவரிடம் எப்படிச் சண்டை போடுவது? நான் பட்ட பாடு எதிரிக்கும் வேண்டாம்.

அப்போதுதான் சைகோனிலிருந்து குவே வந்தாள். துப்பறியும் கதைகளை ஒலிப்புத்தகமாகப் போடுகிறவள். சின்ன வயசில் லீவுக்கு எங்கள் வார்டுக்கு வந்து, விடியற்காலையில் இவர் குரலுக்குப் பதறி எழுந்தவளாம். "அந்தக் குரல்ல ஒரு கொலை நடந்தா எப்படி இருக்கும் மாமா!" என்றாள். அன்று ராத்திரி என் வீட்டுக்காரர் மீன் குழம்பில் புளி தூக்கல் என்று என்னைத் திட்டினார். எனக்குச் சந்தோஷத்தில் கண்ணே கலங்கிவிட்டது.

துணி அலமாரி இருந்த அறையில் சுற்றிலும் போர்வை தொங்கவிட்டு மைக் வைத்தோம். அடுத்த அறையில் நான், அக்கம்பக்கத்து ஆறாமக்கா, லூவா மூன்று பேரும் உட்கார்ந்து முந்திரிப் பருப்புக்கு மேல்தோல் உரிப்போம். எங்கள் பக்கம் பிறந்த வரிசையை வைத்துத்தான் கூப்பிடுவார்கள்; நான் மூணாமக்கா. கைக்குத்தான் வேலை, காது சும்மாதானே இருக்கிறது. உலகத்துக்கு முன்னால் கதை எங்களுக்கு வந்துவிடும்.

முதல் மூன்று புத்தகமும் நன்றாகத்தான் போயின. ஆனால் கேட்கிறவர்கள் கெட்டிக்காரர்கள். வார்டு அறிவிப்பில் முக்கியமான பெயரை முழுசாக, நிறுத்தி, நிதானமாகச் சொல்ல வேண்டும் அல்லவா? இவருக்கு முடிவு தெரியும். கொலைகாரன் பெயர் வந்தாலே நாக்கு தானாக நிதானப்பட்டுவிடும். போனில் புத்தகத்துக்குக் கீழே கருத்துப் பகுதியில் ஒருத்தர் எழுதினார்: "ஐயா யார் பெயருக்கு முன்னால் மூச்சிழுக்கிறாரோ அவன்தான் கொலைகாரன். மூன்றாம் அத்தியாயத்தோடு நான் தூங்கப் போய்விட்டேன்." இன்னொருத்தர்: "பிணம் கிடக்கிறது என்கிறார், எனக்கோ பன்றிக்கு ஊசி போட ஓட வேண்டும்போல இருக்கிறது."

குவே போன் பண்ணினாள். "அத்தை, எனக்கே சொல்ல மனசு வரல. நாலாவது புத்தகத்துலயும் கொலைகாரன முன்னாலயே கண்டுபிடிச்சிட்டாங்கன்னா, அஞ்சாவதுக்கு வேற குரல் பாக்கச் சொல்லிட்டாங்க எங்க கம்பெனில."

பக்கத்தில் நின்ற அவருக்கும் கேட்டுவிட்டது. அன்றைக்கு சோறு போடவா என்றேன். தலையாட்டினார்.

மறுபடியும் அந்த எட்டு மாசமா? செத்தாலும் மாட்டேன்.

நாலாவது கதை பஸ் பார்சலில் வந்தது. போனில் படித்தால் அவருக்குக் கண் எரியும், அதனால் காகிதத்தில் அடித்து அனுப்புவாள். அவர் குளிக்கப் போயிருந்த நேரம் பார்த்துக் கட்டைப் பிரித்தேன். கடைசி இருபத்திரண்டு பக்கத்தை உருவி, பையில் சுற்றி, அரிசிப் பானைக்குள் ஆழமாகப் புதைத்துவிட்டேன்.

"முடிவு எங்கடி?"

"இல்ல."

"இல்லன்னா? முடிவு தெரியாம எப்படிப் படிக்கறது?"

"கேக்கறவங்களுக்குத் தெரியுமா? தெரியாமத்தானே கேக்கறாங்க! நீங்களும் தெரியாமப் படிங்க. தெரிஞ்சாத்தான் உங்க நாக்கு போலீஸ்ல போய்ச் சொல்லிடுதே!"

மூன்று நாள் வீட்டைப் புரட்டிப் போட்டார். சாமி அலமாரி, கோழிக் கூண்டு, என் பழைய செருப்புப் பெட்டி. அரிசிப் பானைப் பக்கம் மட்டும் போகவில்லை. முப்பத்திரண்டு வருஷமாகப் போனதில்லை, இன்றைக்கா போகப்போகிறார்?

கதை ஆற்றங்கரை ஊர் ஒன்றில் நடக்கிறது. விடியற்காலையில் நகைக்கடைக்காரர் படகுத்துறையில் செத்துக் கிடக்கிறார். டாக்டர் மேல் சந்தேகம், மருமகன் மேல் சந்தேகம். அந்த ஊரில் லாம் என்று ஒரு வார்டு அறிவிப்பாளர் வருகிறார். தெருப் பூனைக்கெல்லாம் சோறு வைக்கிறவர். கொலை நடந்த நேரத்தில் அவர் குரல் ஒலிபெருக்கியில் ஊர் முழுக்கக் கேட்டிருக்கிறது, அதனால் அவரை யாரும் சந்தேகப்படவில்லை.

என் வீட்டுக்காரருக்கு லாமைப் பிடித்துப்போயிற்று. அவருக்கு மட்டும் தன் சொந்தக் குரலையே கொடுத்தார். லாம் பூனையைக் கூப்பிடும் இடத்தில் எங்கள் வீட்டுப் பூனை போர்வைக்குள் நுழைந்துவிட்டது. சாப்பிடும்போதும் இதே பேச்சுதான். "டாக்டர்தான் பண்ணியிருப்பான். பாவம் அந்த லாம், ஊருக்கே உழைக்கறான், ஒருத்தனும் ஒரு டீ வாங்கிக் கொடுக்கல."

எனக்கு மீன்முள் தொண்டையில் சிக்கிக்கொண்டது. ஏனென்றால், சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, இரண்டாம் நாளே பானையைத் தோண்டி நான் அந்த இருபத்திரண்டு பக்கத்தையும் படித்துவிட்டேன்.

ஐயோ, தெரிந்துகொண்டு சும்மா இருப்பது இருக்கிறதே! ஆறாமக்காவுக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. "மூணாமக்கா, உனக்குத் தெரியும். உன் மூஞ்சியே சொல்லுது. காதுல மட்டும் சொல்லு."

"போய் உன் பருப்பை உரி."

"மருமகனா? தலைய மட்டும் ஆட்டு."

"ஆட்டினா என் தலைய நானே வெட்டிக்குவேன்!"

லூவா சிரித்தாள். "மூணாமக்கா ஒரு மாசமா யார்கிட்டயும் எதையும் சொல்லலையாம். இதத்தான் ஒலிபெருக்கில சொல்லணும்."

ஒலிப்பதிவின் கடைசி நாள் காலை பத்து மணிக்குப் பக்கங்களைத் தட்டி அவர் கையில் கொடுத்தேன். தவிடு உதிர்ந்தது. "அரிசிப் பானையா!" என்று முறைத்தார். முன்னாலேயே புரட்டிப் பார்க்கக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு உள்ளே அனுப்பினேன். நாங்கள் மூவரும் தோல் உரிக்கிற கத்தியைக் கீழே வைத்தோம்.

வாசித்தார். பெண் இன்ஸ்பெக்டர் எல்லாரையும் படகுத்துறையில் நிற்க வைக்கிறாள். அன்று காலை அறிவிப்பில், பின்னணியில் ஒரு சேவல் கூவியது என்கிறாள். அது நகைக்கடைக்காரர் வீட்டுச் சேவல். ஆனால் அந்தச் சேவல் முந்தின நாளே குழம்புச் சட்டிக்குள் போய்விட்டதே! அப்படியானால் ஊர் கேட்டது பழைய ஒலிப்பதிவு. ஒலிபெருக்கி பேசிக்கொண்டிருந்தபோது அதன் சொந்தக்காரன் அங்கே இல்லை.

உள்ளே குரல் நின்றுவிட்டது. ஆறாமக்கா என் முழங்கையைப் பிடித்தாள்.

"அடப்பாவி!" என்று ஒரு கத்தல். "நீயாடா? லாம், நீயா? உன்ன நான் எவ்வளவு நம்பினேன்!"

மூக்கை உறிஞ்சினார். பிறகு உடைந்த குரலிலேயே மேலே வாசித்தார். லாம் குற்றத்தை ஒப்புக்கொள்ளும் இடம். "இருபது வருஷம் இந்த ஊருக்கு எல்லாவற்றையும் சொன்னேன். என்னிடம் யாரும் எதையும் கேட்டதில்லை." அதில் நிதானமும் இல்லை, நிறுத்தமும் இல்லை. லூவா உரித்த தோலைத் தள்ளிவிட்டுச் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தாள்.

வெளியே வந்தவர் முகம் செத்துக் கிடந்தது. "கெட்டுப்போச்சு. நடுவுல கத்திட்டேன். திரும்பப் படிக்கறேன்."

திரும்பப் படித்தார். லாம் பெயருக்கு முன்னால் மூச்சிழுத்தார். சுத்தமான பன்றித் தடுப்பூசி. அவரிடம் எதையும் கேட்காமல், இரண்டு பதிவையும் குவேக்கு அனுப்பி வைத்தேன்.

அவள் கத்தலைத்தான் வைத்தாள். வெளியான ஐந்தாம் நாள் போன். அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்றே புரியவில்லை. "அத்தை, ஒருத்தர்கூடக் கண்டுபிடிக்கல! ஒருத்தர்கூட!"

லூவா கருத்துகளை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினாள். ஒரு லாரிக்காரர் எழுதியிருந்தார்: "ஐயா கத்தினதும் நானும் கத்திவிட்டேன். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் கேட்டேன்." ஒரு அம்மா: "ஐயாவே நம்பினார், நாங்கள் நம்ப மாட்டோமா?" இன்னொருத்தர்: "எங்கள் வார்டு அறிவிப்பாளருக்கு இன்று போய் ஒரு காபி வாங்கிக் கொடுத்தேன்."

கடைசியைக் கேட்டதும் அவர் எழுந்து கோழிக்குத் தீனி போடுகிற சாக்கில் வெளியே போய்விட்டார். தீனியை எடுத்துக்கொண்டு போகவில்லை.

ராத்திரி சாப்பாட்டில் கேட்டார். "லாம்தான்னு உனக்கு முன்னாலயே தெரியுமா?"

"ரெண்டாம் நாளே தெரியும்."

"நான் அவனப் பத்திப் புகழ்ந்து பேசினப்பல்லாம், நீ சும்மா உக்காந்திருந்தியா?"

"முள்ளு சிக்கிச்சே, பாக்கலையா?"

குழம்பில் உப்பு கம்மி என்று ஆரம்பித்து, ஒரு மணி நேரம் சண்டை போட்டோம். அப்படி ஒரு சாப்பாடு நான் சாப்பிட்டு எத்தனை வருஷம் ஆயிற்று!

போன வாரம் ஐந்தாவது புத்தகம் வந்தது. நான் பருப்பு உரித்துக்கொண்டிருந்தேன். அவரே கட்டைப் பிரித்தார். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, விரலால் எண்ணி எண்ணி, கடைசிப் பக்கங்களைத் தனியாக எடுத்தார். எழுத்துப் பக்கத்தைக் கீழே கவிழ்த்து என் மடியில் வைத்தார்.

"இந்தா, பானையில போடு. நான் காலில் விழுந்தாலும் குடுக்காத," என்றார்.