தூக்கிவிடும் கை

விடியுமுன்னே உப்பளத்தில் இறங்கிவிட்டோம். வெடித்த பாதத்தில் பாத்தித் தண்ணீர் பட்டால் உயிர் போகும். யாரும் 'ஆ' என்று சொல்வதில்லை. சொன்னால் மட்டும் தண்ணீர் இனிக்கவா போகிறது?

ஈர உப்பை வாரி நிரப்பிய பெட்டியைத் தனி ஆளாய்த் தலையில் ஏற்ற முடியாது. எதிரே ஒருத்தி நின்று தூக்கிவிட வேண்டும். அதனால் அளத்தில் பெண்கள் எல்லாம் சோடி சோடிதான். என் சோடி சந்தனமாரி, தலைப்பிள்ளைக்காரி. ஒன்பது மாதம் என்று தெரிந்தால் முதலாளி செந்தூர்பாண்டி வேலையை விட்டு நிறுத்திவிடுவார். அந்தப் பயத்தில், சேலைக்குள் துணியை இறுக்கிச் சுற்றி வயிற்றைச் சின்னதாகக் காட்டினாள். சுற்றிவிட்ட பாவி நான்தான்.

வெயில் ஏறும்போது வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். பனிக்குடம் உடைந்துவிட்டது. ரோட்டுக்கு இரண்டு மைல் ஒற்றை வரப்பு, நாலு பக்கமும் உப்புத் தண்ணீர். சாக்குக் கொட்டகையில் படுக்க வைத்தோம். எங்களோடு உப்புச் சுமக்கும் பகவதி ஓடிப்போய் மில்லர்புரத்து நர்ஸம்மா கிருபாபாயைக் கூட்டிவந்தாள்.

பின்னாலேயே முதலாளியும் வந்துவிட்டார். கொட்டகைக்கு வெளியே நின்று கத்தினார்.

"ஏளா ஆறுமுகத்தாய், வெளிய வா! துறைமுகத்துல கப்பல் நிக்கி. அதான் நர்ஸம்மா வந்தாச்சுல்லா, ஒனக்கு அங்கன என்ன சோலி?"

"அவ கையைப் புடிச்சிட்டு இருக்கேன் மொதலாளி."

"கையைப் புடிக்கது ஒரு வேலையாக்கும்?"

என் மூத்தவனை நான் ஒற்றையாய்த்தான் பெற்றேன், சாத்திய கதவைப் பார்த்துக்கொண்டே. வலியைவிட அந்தப் பயம்தான் என்னைக் கொன்றது.

நர்ஸம்மா தலையை நீட்டினார். "வேலைதான் அண்ணாச்சி. பயத்துல ஒடம்ப இறுக்கிக்கிட்டு கெடந்தா. இவ முதுகைத் தடவி, மூச்சை விடு, விடுன்னு சொன்ன பொறவுதான் இளகுதா. இவளைக் கூப்புடாதீங்க."

"ஏளா ஆறுமுகத்தாய், அப்பம் நாளையிலேருந்து நீயும் அவளும் இந்தப் பக்கம் வரவேண்டாம்!"

சந்தனமாரி என் விரல்கள் நொறுங்கப் பிடித்தாள். "எக்கா, போயிருவியா?"

என் வீட்டில் அடுப்பெரிவது என் கூலியில்தான். போனால் இவள் தனி. இருந்தால் என் பிள்ளைகள் பட்டினி. எந்தப் பக்கம் ஓடுவேன்?

"போவமாட்டேன்ளா" என்றேன்.

முதலாளி மற்ற பெண்கள் பக்கம் திரும்பியது சாக்கு இடுக்கில் தெரிந்தது. "என்ன வேடிக்கை? பெட்டியைத் தூக்குங்கட்டி!"

பகவதி குனிந்து பெட்டியை நிரப்பினாள். எதிரே நின்ற தன் சோடியைப் பார்த்தாள். அந்தச் சோடிக்காரி தூக்கிவிடாமல் கையைக் கட்டிக்கொண்டாள். அதைப் பார்த்து அடுத்தவளும் கட்டிக்கொண்டாள்.

"தூக்கிவிட ஆளில்ல மொதலாளி" என்றாள் பகவதி. "கை குடுக்கது வேலை இல்லைன்னியளே. அப்பம் ஒத்தையில நீங்க ஏத்திக் காட்டுங்க, பாப்போம்."

"எல்லார் வேலைச் சீட்டையும் கிழிச்சிருவேன்!"

"கிழிங்க. கப்பலுக்கு உப்பை யாரு சுமப்பா?"

பெட்டிகளை வரப்பில் கவிழ்த்துவிட்டு ஒவ்வொருத்தியாகக் கொட்டகை வாசலில் வந்து உட்கார்ந்தார்கள். நாளைக்கு வேலை உண்டா என்று ஒருத்திக்கும் தெரியாது. எல்லார் முகத்திலும் பயம் இருந்தது. ஆனால் ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை.

அடுத்த வலி வந்தது. சந்தனமாரி உடம்பை முறுக்கினாள்.

"மூச்சை விடுளா" என்றேன்.

வாசலிலிருந்து இருபது குரல்கள் சேர்ந்து வந்தன: "விடுளா, விடு! நாங்க இங்கனதான் இருக்கோம்!"