ஜெனிபர் சொல்லாத காரணம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மருத்துவம் படித்தவர்கள் ஏன் பிளாஸ்டிக் சர்ஜரிப் பிரிவுக்குப் போகிறார்கள் என்று ஒரு சிறப்பு மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். பதினோரு டாக்டர்களைப் பார்த்தேன். ஒருவர் வருமானம் என்றார். ஒருவர், ராத்திரியில் எழுப்ப மாட்டார்கள் என்றார். இன்னொருவர் "கை நேர்த்தி சார்" என்று தன் விரல்களைத் தானே ரசித்துக்கொண்டார். எல்லாம் மனப்பாடப் பதில்கள். எரிச்சலில் கட்டுரையைக் கிழித்துப் போட்டுவிட்டு, கதையாவது எழுதித் தொலைப்போம் என்று ஜெனிபரை உண்டாக்கினேன். அவளாவது வாயைத் திறப்பாள் என்று நினைத்தேன். என் தலையெழுத்து.

2

முதல் தொடக்கம்: 'ஆரம்பாக்கத்திலிருந்து கும்மிடிப்பூண்டிக்குத் தினமும் ரயிலேறும் சாம்சனின் விரல் மிஷினில் துண்டான அன்றுதான், அவர் மகள் ஜெனிபர்—'

வேண்டாம். [அப்பாவுக்கு விரல் போனது, மகள் டாக்டரானாள். நீங்களும் இதைத்தானே எதிர்பார்த்தீர்கள்? எனக்கே வெட்கமாக இருந்தது, அடித்துவிட்டேன்.] சாம்சனுக்குப் பத்து விரலும் பத்திரமாக இருக்கின்றன. சிப்காட் தொழிற்பேட்டையில் தகடு வெட்டும் கம்பெனி ஒன்றில் ஃபோர்மேன். மூன்று தலைமுறை அடுத்தவன் வயலில் நாற்று நட்ட குடும்பத்தில், மகளை டாக்டராக்கிய மனிதர்.

3

நிலவரம் இதுதான். ஜெனிபர் பொது அறுவை சிகிச்சையில் எம்.எஸ். முடித்துவிட்டாள். மேற்படிப்புக்கு எந்தப் பிரிவு என்ற விருப்பப் பட்டியலை இன்று மாலை ஐந்து மணிக்குள் லேப்டாப்பில் லாக் செய்ய வேண்டும். பட்டியலின் முதல் வரியில் பிளாஸ்டிக் சர்ஜரி. பக்கத்தில் சாம்சன், கடுகடுவென்று.

"இன்னாமா இது? மூக்க நிமித்தறதுக்கா இம்மாம் வருசம் படிக்க வெச்சேன்? வயித்து ஆபரேசன் எடும்மா. நாலு பேரு கும்புடுவான்."

"எனக்கு இதான் புட்ச்சிருக்கு நைனா."

"ஏன் புட்ச்சிருக்கு? அத்த சொல்லு."

தீக்காயம், சேவை, இரக்கம் என்று நான் ஜெனிபருக்கு ஒவ்வொரு காரணமாக எடுத்துக் கொடுத்தேன். ஒன்றையும் வாங்கவில்லை. நான் உண்டாக்கியவளே என்னிடம் இவ்வளவு வீம்பு பிடித்தால் நான் யாரிடம் போய் முறையிடுவது?

4

சரி, நானே சொல்கிறேன். கோபித்துக்கொண்டால் கொள்ளட்டும்.

பத்து வருடம் முன்பு, சாம்சனின் கம்பெனியில் ரகு என்ற தொழிலாளிக்கு ஆள்காட்டி விரல் துண்டானது. எல்லாரும் கத்திக்கொண்டு நிற்க, சாம்சன்தான் தன் டிபன் பாக்ஸ் சோற்றைக் கொட்டி, கேட்டுக்கு வெளியே ஜூஸ் கடையில் ஐஸை அள்ளி நிரப்பி, விரலை அதற்குள் புதைத்துச் சென்னைக்குக் கொண்டுபோனார். விரல் ஒட்டவில்லை. "கர்த்தர் சித்தம். நம்ம கையில ஒரு கொறையும் இல்ல" என்பார். கம்பெனியில் சால்வை போட்டார்கள். அதிலிருந்து ஒவ்வொரு பாதுகாப்பு வாரத்திலும் அவர்தான் பாடம் எடுப்பார். "பதறாதீங்கப்பா. வெரலு உயுந்தா நேரா ஐஸ்ல போடு." பக்கத்துக் கம்பெனிகளிலும் இன்று இதுதான் வேதவாக்கு.

எம்.எஸ். படிக்கும்போது ஜெனிபருக்கு ஒரு மாதம் பிளாஸ்டிக் சர்ஜரி வார்டில் வேலை. அறுந்த விரலை ஒட்டவைப்பதும் அங்கேதான். கும்மிடிப்பூண்டியிலிருந்து அன்புசெல்வன் என்றொரு ஆபரேட்டரைத் தூக்கி வந்தார்கள். கூடவே ஒரு டிபன் பாக்ஸும் வந்தது. திறந்து பார்த்த பெரிய டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

"எவன்யா இதைச் சொல்லிக் குடுக்கறான்? நேரா ஐஸ் பட்டா சதை செத்துப்போயிடும். ஈரத்துணியில சுத்தி, கவர்ல கட்டி, அந்தக் கவரைத்தான் ஐஸ்ல வைக்கணும்.* சுத்தமா அறுந்த விரல். ஒட்டியிருக்கலாம்."

எவன் என்று ஜெனிபருக்குத் தெரியும். அன்றுதான் அந்தப் பிரிவை முடிவு செய்தாள். காரணத்தைச் சொன்னால் அப்பா உடைந்துபோவார். அதனால்தான் இந்த ஊமை வேஷம்.

(* கதையை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.)

5

முடிவு ஒன்று: 'நல்ல சம்பளம் நைனா' என்று பொய் சொல்கிறாள். சாம்சன் முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொள்கிறார். எல்லாருக்கும் நிம்மதி. ஆனால் திங்கட்கிழமை பாதுகாப்பு வாரம் ஆரம்பிக்கிறது. புதிதாகச் சேர்ந்த நாற்பது பேர் எதிரில் அவர் மைக்கைப் பிடிப்பார்.

முடிவு இரண்டு: கம்பெனிக்கு அவள் ஒரு மொட்டைக் கடிதாசு— சீ. அவளுக்கு அது வராது.

மூன்றாவதை நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவள் பட்டியலை லாக் செய்துவிட்டு, என் அனுமதி இல்லாமல் பேசினாள்.

"நைனா, திங்கக்கெயம பேசசொல்லோ, நேரா ஐஸ்ல போடச் சொல்லாத. ஈரத்துணி சுத்தி, கவர்ல கட்டி, அப்பால ஐஸ்ல வெக்கணும். நேரா வெச்சா ஒட்டாது."

சாம்சன் நல்ல தொழிலாளி. புதிதாக எதைச் சொன்னாலும் ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்ப்பார். "ஈரத்துணி. கவரு. அப்பால ஐஸு."

"அப்போ ரகு வெரலு?"

இவ்வளவு நேரம் என்னைச் சட்டையே செய்யாதவள் இப்போது என்னைப் பார்க்கிறாள். 'அது எப்படியும் ஒட்டியிருக்காது நைனா' என்று எழுதினேன், அடித்தேன், திரும்ப எழுதி, திரும்ப அடித்தேன். என்னால் ஆகாது. நீங்கள் சும்மாதானே படித்துக்கொண்டிருக்கிறீர்கள், வந்து ஒரு பதில் சொல்லுங்களேன். சீக்கிரம். ரகு வீடு இரண்டு தெரு தள்ளித்தான், சாம்சன் செருப்பை மாட்டிக்கொண்டிருக்கிறார்.