கூரையின் சரிவு

நனூலியின் கணவனைப் புதைத்த மாதத்திலேயே கொழுந்தன் ஜான்சுக் அவள் வீட்டைப் பிடுங்கித் தன் விடுதியாக்கிக்கொண்டான். வீட்டை ஒட்டிய மேட்டு நிலத் துண்டை மட்டும் அவளுக்கு விட்டான். அங்கே மூன்று அறைகளில் ஒரு விடுதி கட்ட, தச்சனான என்னை அவள் அழைத்தாள்.

கூரையைப் பள்ளத்தாக்குப் பக்கம் சரித்து வரைந்திருந்தேன். அவள் வரைபடத்தில் விரலை வைத்தாள்.

"அவன் வாசல் பக்கம் சரிச்சிடு" என்றாள்.

தகரக் கூரையில் உறைபனி தங்காது, சரிவுப் பக்கமே வழுக்கி விழும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். கோட்டை அழித்து மறுபக்கம் வரைந்தேன்.

உத்திரம் ஏற்றும்போது ஜான்சுக் ஓடிவந்தான். "அண்ணி, பனி பூரா என் கதவுலதான் விழும்!"

"விழட்டும்டா. உங்கண்ணன் கதவுதானே, உனக்கென்ன வலிக்குது?"

ஜனவரியில் ஒரு காலை, கூரைப் பனி மொத்தமாகச் சரிந்து அவன் கதவை மூடியது. மாடி ஜன்னலில் அவனோடு இரண்டு விருந்தாளிகள் நின்றார்கள். நனூலியின் முகம் வெளுத்தது. எங்கள் ஸ்வானேத்தி மலையில் விருந்தாளி கடவுள் அனுப்பியவர். பகையாளி வீட்டில் இருந்தாலும் அவர்மேல் துரும்பு படக்கூடாது. கோபத்தில் அதை மறந்திருந்தாள்.

ஏணி சாத்தி, இருவரையும் கைபிடித்து இறக்கினாள்.

"உள்ள அடுப்பு எரியுது, போய்க் குளிர் காயுங்க."

ஜான்சுக் ஜன்னலுக்கு வெளியே காலை நீட்டினான். "அண்ணி, நல்லாப் பிடி."

"நீ என்ன விருந்தாளியா? வீட்டுக்காரன். வீட்டுலயே இரு."

அவள் ஏணியை ஜன்னலிலிருந்து எடுத்துக் கீழே சாய்த்தாள். நான் மறுமுனையைத் தூக்கிக்கொண்டேன்.