துணிக்கு மட்டும் கதவு

பாட்டுக்காரிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஆலையின் ஆண்டு விழாவுக்கென்று அவள் எழுதிக்கொடுத்த கவிதையை விழாக் குழு திருத்தி, அச்சடித்து, பூ வேலை செய்த கரை போட்டு அவளிடமே நீட்டியிருந்தது. "கரின்னு கூப்பிடுற" என்று அவள் எழுதிய இடத்தில் இப்போது "கருமுகில் என்றே கனிந்தழைப்பாய்" என்று இருந்தது. கனிந்தாம்! கரி, கரி என்று மேஸ்திரி போடும் கூப்பாட்டைத் தினமும் காதில் வாங்குகிறவள் அவள். கனிவு அதில் எந்த மூலையில் ஒளிந்திருந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் ஆலை அது. பெரிய கூடத்தை ஒரு சுவர் நடுவில் பிரிக்கிறது. சலவை இயந்திரங்கள் அந்தச் சுவரிலேயே பதிந்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் கதவு. இந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து ரத்தமும் சீழும் அப்பிய விரிப்புகளைத் திணித்தால், அந்தப் பக்கத்துக் கதவில் பளிச்சென்று வெளியே வரும். அழுக்கைத் தொட்டவர்கள் வெளுத்ததைத் தொடக்கூடாது, கிருமி ஒட்டிவிடும் என்பது விதி. விதி நியாயமானதுதான். ஒரு வாரம் இவர்கள், ஒரு வாரம் அவர்கள் என்று மாற்றிவிட்டால் யார் கேட்கப்போகிறார்கள்?

மாற்றமாட்டார்கள். பாட்டன் காலத்தில் கப்பலேறி வந்த கறுத்த சனத்தின் பிள்ளைகள் அத்தனை பேரும் அழுக்குப் பக்கம். மற்றவர்கள் வெளுப்புப் பக்கம். இப்படி எங்கேயும் எழுதி வைக்கவில்லை. "உங்களுக்கு இது பழகிப்போச்சு, அதான்" என்பார் மேஸ்திரி. இவர்களுடைய பேச்சுக்கும் அங்கே ஒரு பட்டம் உண்டு, அடுப்படிப் பேச்சு. சாப்பாட்டு நேரத்தில் யாராவது ஒருவன் மூக்கைச் சுருக்கிக்கொண்டு அதைப் பேசிக்காட்டுவான். மற்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள்.

அந்தப் பேச்சில்தான் அவள் கவிதை கட்டினாள். மூட்டை பிரிக்கும்போது நாற்றம் தெரியாமலிருக்க வாய்க்கு வந்ததைச் சொல்லுவாள். பக்கத்திலிருப்பவர்கள் சிரிப்பார்கள், சில சமயம் சிரிக்காமல் கண்ணைத் துடைப்பார்கள். பாட்டுக்காரி என்ற பெயரே அப்படி வந்ததுதான். விழா மலருக்கு அழுக்குப் பக்கத்திலிருந்தும் ஒன்று வரட்டும் என்று மேனேஜர் கேட்டபோது, அவள் தலைகால் புரியாமல் உள்ளதை உள்ளபடியே கொடுத்துவிட்டாள். அச்சில் வந்தால் அவர்களுக்குக் காது கேட்கும் என்று நம்பினாள். பாவம், அவ்வளவு வெகுளி.

"இதை மேடையில படிக்கமாட்டேன்க்கா" என்றாள் வீட்டில். அக்காவும் அதே ஆலைதான், அதே பக்கம்தான். சலவைச் சோடா நெடியில் நுரையீரல் புண்ணாகி, மாடிப்படி ஏறினால் பாதியில் உட்கார்ந்துவிடுகிறாள். அந்த வேலையை விட்டு நகராவிட்டால் தேறுவது கஷ்டம் என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

"படிச்சுட்டு வந்துரும்மா" என்றாள் அக்கா. "விழா நல்லபடியா முடிஞ்சா திங்கக்கிழமையிலேர்ந்து என்னை அந்தப் பக்கம் மாத்தறேன்னு மேனேஜர் சொல்லிட்டாரு. நம்ம ஆளுங்கள்ல மொத ஆளு நான்தான்."

"அவங்க மாத்தினதைப் படிச்சா, அந்தாளை நானே புகழ்ற மாதிரி ஆயிடும்."

"ஆகட்டுமே. புகழ்ந்தா வாய் வெந்துடுமா? உனக்குக் கவிதை பெரிசு. எனக்கு மூச்சு வேணும்டி."

பாட்டுக்காரி அன்றிரவு சுவருக்கு அந்தப்புறம் அக்கா இருமுவதைக் கேட்டுக்கொண்டே, கனிந்தழைப்பாய், கனிந்தழைப்பாய் என்று சொல்லிப் பழகினாள். ஒவ்வொரு தடவையும் நாக்கு கூசியது.

விழா வெளுப்புப் பக்கத்தில் நடந்தது. துணி மடிக்கும் மேஜைகளை ஓரம் தள்ளி நாற்காலி போட்டிருந்தார்கள். வாசலில் காலுறை போல மாட்டிக்கொள்ள பிளாஸ்டிக் பைகள் வைத்திருந்தார்கள். அழுக்குப் பக்கத்தாரை மட்டும் மாட்டச் சொன்னார் மேஸ்திரி. குளித்து, புதுத் துணி உடுத்தி வந்தவர்கள் சரசரவென்று நடந்து போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். அக்கா ஓரத்து நாற்காலியில், கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள்.

மேடையேறிய பாட்டுக்காரி தாளைப் பார்த்து மடமடவென்று வாசித்தாள். "வெண்துகில் நெய்த விடியலின் இல்லமே, கருமுகில் என்றே கனிந்தழைப்பாய்" என்ற இடம் வந்தபோது பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டினாள். கைதட்டல் கூடத்தைப் பிளந்தது. கடைசி வரிசையில் மட்டும் யாரும் தட்டவில்லை. அவர்களுக்கு அசல் தெரியும். அந்த மௌனத்தைப் பார்த்து அவள் கூனிக் குறுகினாள்.

அதோடு முடிந்திருந்தால் திங்கட்கிழமை ஒழுங்காக வந்திருக்கும். மேஸ்திரிக்குத்தான் தாங்கவில்லை. தாவி மேடையேறி மைக்கைப் பிடுங்கினார்.

"பாத்தீங்களா? நான் கனிவாத்தான் கூப்பிடறேன்னு இந்தப் பொண்ணே சொல்லிடுச்சு! இனிமே ஒருத்தனும் என்னைக் குத்தம் சொல்லக்கூடாது. அடுப்படிப் பேச்சு பேசற வாயா இது?" கூடம் சிரித்தது. அவர் கண்மேல் கை வைத்துக் கடைசி வரிசையைத் தேடினார். "ஏய் கரி! பெரியவளே! நீயும் வா, போட்டோ எடுக்கலாம்."

எல்லாத் தலைகளும் திரும்பின. அக்கா எழுந்தாள். ஆனால் நடக்கவில்லை. முன்னால் இருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நான் வரல" என்றாள். பிறகு தங்கையைப் பார்த்தாள். "நீ அதை நம்ம பேச்சுல சொல்லுடி."

பாட்டுக்காரி வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். கவிதைக்காக அவள் எதையும் தருவாள், அக்காவின் மூச்சைத் தரமாட்டாள்.

"சொல்லுன்னு சொல்றேன்ல!"

மேஸ்திரி சிரித்துக்கொண்டே மைக்கை நீட்டினார். இன்னொரு புகழ்மாலை வருகிறது என்று நினைத்திருப்பார். அவள் வாங்கினாள். தாளை மடித்துவிட்டுத் தங்கள் பேச்சிலேயே சொன்னாள்.

"கரின்னு கூப்பிடுற, வந்து நிக்கிறேன்.
மூட்டையப் பிரின்னு சொல்ற, பிரிக்கிறேன்.
உன் அப்பன் ரத்தம், உன் புள்ள மூத்திரம்,
எல்லாம் இந்தக் கையிலதான்.
ஒட்டிக்கும்னு இந்தக் கையத் தொடமாட்ட,
இந்தக் கை தொட்ட துணியிலதான் உங்கம்மா படுத்திருக்கா."

மேஸ்திரியின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. முன்வரிசையில் யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். மடிக்கும் மேஜைக்காரி ஒருத்தி தன் உள்ளங்கைகளைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அழுக்குத் துணிக்கும் அந்தப் பக்கம் கதவு வெச்சிருக்க,
காலைல போட்டது மத்தியானம் வெளிய போயிருது.
எங்க பாட்டன் உள்ள வந்தான்.
எங்கப்பன் உள்ள வந்தான்."

மேனேஜர் கையைக் காட்டினார். மைக் பட்டென்று அணைந்தது. அவள் அதைக் கீழே வைத்துவிட்டு வெறும் தொண்டையில் சொன்னாள்.

"நான் உள்ள வந்தேன்.
எங்கள எப்ப வெளிய எடுப்ப?"

முன்னால் இருந்தவர்களுக்குத்தான் கேட்டிருக்கும். அதற்குள் மேனேஜர் வேகவேகமாக நடந்து கடைசி வரிசைக்குப் போயிருந்தார். அக்காவிடம் குனிந்து, பக்கத்திலிருப்பவர்களுக்குக் கேட்காதபடி, "உன் தங்கச்சிய எறங்கச் சொல்லு. திங்கக்கிழமை ஞாபகம் இருக்குல்ல?" என்றார்.

அக்காவுக்கு இருமல் வந்தது. நாற்காலியை இறுகப் பிடித்து, இருமி முடித்து, கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"இருக்குங்க" என்றாள் அவரிடம். பிறகு மேடையைப் பார்த்து, இருக்கிற மூச்சையெல்லாம் கூட்டிக் கத்தினாள்.

"கடைசி அடி பின்னாடி கேக்கலடி! இன்னொரு தடவ சொல்லு!"