அடுப்புத் திருகு போட்ட ஆம்ப்ளிஃபயர்

பழைய இசைக்கருவிகள் விற்கும் அந்தக் கடையில், மேல் தட்டில் இருந்த ஆம்ப்ளிஃபயரைத் தம்பிக்காரன் வாசலிலிருந்தே அடையாளம் கண்டுகொண்டான். முன்பக்கம் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற ஐந்து திருகுகள். நான்கு வெள்ளை, ஒன்று மட்டும் கறுப்பு. அந்தக் கறுப்பு, அண்ணியின் கேஸ் அடுப்பிலிருந்து பிடுங்கியது. அதற்கப்புறம் அண்ணி ஒரு பர்னரை வருஷக்கணக்கில் குறடு வைத்துத்தான் திருப்பினார், புருஷனைத் திட்டிக்கொண்டே.

ஐம்பது வயதாகி, இருபத்தாறு வருஷமாக நகரப் பேருந்து ஓட்டுகிற ஆளைத் தம்பிக்காரன் என்று சொல்வது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் அவன் இந்தக் கடைக்கு வந்தது தம்பியாகத்தான். அண்ணன் இறந்து எட்டு மாதம். இருவருக்கும் பேச்சு நின்று பதினான்கு வருஷம். அண்ணி வீட்டை ஒழித்தபோது இந்த ஆம்ப்ளிஃபயர் பெட்டியை யாருக்கோ கொடுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டதிலிருந்து, லீவு கிடைத்த நாளெல்லாம் கடை கடையாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தான். அவனுக்கு வேண்டியது ஒன்றுதான். அண்ணன் கை வைத்துக் கெடுப்பதற்கு முன்னால் அந்தப் பெட்டியிலிருந்து வந்த சத்தத்தை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கேட்க வேண்டும்.

கண்ணாடிக் குழாய் வால்வுகள் போட்ட பழைய மாதிரி ஆம்ப்ளிஃபயர் அது. சின்ன வயதில் இருவரும் சேர்ந்து வாங்கி, ஆளுக்கொரு பக்கம் பிடித்து வீட்டுக்குத் தூக்கி வந்தார்கள். ஒரே மெல்லிசைக் குழுவில் அண்ணன் கிட்டார், தம்பி டிரம்ஸ். அந்தக் காலத்தில் அதன் சத்தம், உடம்பு வலிக்கிறபோது தோளில் வெந்நீர் ஊற்றினால் இருக்குமே, அப்படி இருக்கும். அண்ணன் வாசிக்க ஆரம்பித்தால் மண்டபத்தில் பேசிக்கொண்டிருக்கிறவர்கள் வாயை மூடுவார்கள். அதற்குமேல் ஒரு கலைஞனுக்கு என்ன வேண்டும்?

சும்மா இருந்திருக்கலாம் அண்ணன். இருக்கவில்லை. பெட்டியைத் திறந்து எதை எதையோ கழற்றி, எதை எதையோ பற்றவைத்தார். உடைந்துபோன திருகுக்குப் பதிலாக அடுப்புத் திருகை மாட்டினார். சின்னக் குழந்தை போல உற்சாகமாக அதை மண்டபத்துக்குக் கொண்டுவந்து, கச்சேரிக்கு முன்னால் நான்கு வரி வாசித்துக் காட்டி, "எப்படிடா இருக்கு?" என்று தம்பியைக் கேட்டார்.

தகரத்தில் ஆணியால் கீறுகிற சத்தம். பாடகி காதைப் பொத்திக்கொண்டாள். தம்பிக்காரனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. குழுவில் இருந்த ஏழு பேருக்கும் கேட்கும்படி, "உனக்கென்ன காது செவிடாண்ணே? வந்தவங்க ஓடணும்னு வாசிக்கிறியா?" என்றான்.

அண்ணன் லேசாகச் சிரித்தார். ஒயரைச் சுருட்டினார். பெட்டியைத் தனி ஆளாகத் தூக்கிக்கொண்டு போனவர்தான், அப்புறம் யாரோடும் மேடை ஏறவில்லை. அந்தச் சிரிப்பைத் திமிர் என்று எடுத்துக்கொண்ட தம்பிக்காரன், அவராக வந்து பேசட்டும் என்று முறுக்கிக்கொண்டு இருந்தான். அங்கேயும் அதே ரத்தம்தானே, வரவில்லை. கடைசியில் சுடுகாட்டில் போய்ப் பின்வரிசையில் நின்றான்.

கடைக்காரர் பெட்டியை இறக்கி மேஜைமேல் வைத்தார். சட்டைப் பையில் டெஸ்டர் குத்தியிருக்கிற, வளவளவென்று பேசுகிற மனிதர்.

"நல்ல மாடல் சார். ஆனா உள்ள எவனோ புகுந்து விளையாடிட்டான். பொய் சொல்லி விக்க மாட்டேன், காதைக் கிழிக்கும். வாங்க வர்றவங்க ரெண்டு நிமிஷம் கேட்டுட்டு ஓடிடுறாங்க."

"பழையபடி மாத்த முடியுமா?"

"தாராளமா. கம்பெனி வரைபடம் எங்கிட்ட இருக்கு. சேர்த்ததைப் பிடுங்கிட்டு, எடுத்ததைத் திரும்பப் போடணும். ஒரு மணி நேர வேலை. உக்காருங்க, இப்பவே பண்ணித் தர்றேன்."

தம்பிக்காரன் பணத்தைக் கொடுத்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். கடைக்காரர் பின்பலகையைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பேச்சு நின்றுவிட்டது. அந்த மனிதர் வாயை மூடினால் விஷயம் இருக்கிறது என்று அர்த்தம்.

"சார், இது கத்துக்குட்டி வேலை இல்ல. ஈயம் பத்தவெச்ச ஒவ்வொரு இடமும் முத்து மாதிரி இருக்கு. கனமான கீழ்ச்சத்தத்தை அப்படியே விட்டுட்டு, கீச்சுன்னு இருக்கிற மேல்சத்தத்தை மட்டும் படிப்படியா தூக்கி விட்டிருக்காரு. தெரிஞ்சே பண்ணியிருக்காரு. எதுக்குன்னுதான் புரியல." கையை உள்ளே விட்டு, பலகையின் உட்புறம் டேப் போட்டு ஒட்டியிருந்த ஒரு காகிதத்தை உரித்தெடுத்தார். "இதைப் பாத்துத்தான் செஞ்சிருப்பாரு போல. ஏதோ வரைபடம். ஆனா இது ஆம்ப்ளிஃபயர் சம்பந்தப்பட்டது இல்லையே."

கடைக்காரருக்குப் புரியவில்லை. தம்பிக்காரனுக்கு ஒரே பார்வையில் புரிந்துவிட்டது. பேருந்து ஓட்டுகிறவர்களுக்கு வருஷம் தவறாமல் நடக்கிற பரிசோதனை அது. காதில் பெரிய ஹெட்போனை மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொல்வார்கள். கடைசியில் இதே மாதிரி கட்டம் போட்ட காகிதத்தில் ஒரு கோடு வரைந்து தருவார்கள். அவனுடைய கோடு இருபத்தாறு வருஷமாக நேராகப் போகிறது. இந்தக் காகிதத்தில் இருந்த கோடு பாதிவரை ஒழுங்காக வந்து, பிறகு மாடிப்படியில் உருண்டதுபோல் விழுந்திருந்தது. மேலே அண்ணன் பெயர். தேதி, அந்த மண்டபத்துச் சண்டைக்கு ஏழு மாதம் முந்தையது. விழுந்த கோட்டுக்குப் பக்கத்திலேயே பென்சிலால் இன்னொரு கோடு, கீழே இறங்கிய அளவுக்கு மேலே ஏறியது. அது அண்ணன் போட்டது. காதில் குறைந்ததை எல்லாம் பெட்டியில் கூட்டியிருக்கிறார்.

அவன் வெளியே வந்து, நடைபாதையில் நின்று அண்ணிக்குப் போன் போட்டான்.

"அண்ணி, அண்ணனுக்குக் காது..."

"யார் சொன்னா தம்பி?" என்றார் அண்ணி. பிறகு அவரே, "சொல்லக் கூடாதுன்னு என் கையில அடிச்சு சத்தியம் வாங்கிட்டாரு. தெரிஞ்சா நீங்க வேலைக்கு லீவு போட்டுட்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா இழுத்துட்டு அலைவீங்களாம். கிட்டாரைத் தொட விடமாட்டீங்களாம். நானே சரி பண்ணிக்கிறேன்னு ராத்திரி பகலா அந்தப் பெட்டியோடயே கிடந்தாரு. முதல்ல தம்பிக்கு வாசிச்சுக் காட்டணும்னு சொல்லிட்டே இருப்பாரு" என்றார்.

தம்பிக்காரன் பக்கத்துக் கடையின் மூடிய ஷட்டரில் சாய்ந்துகொண்டான். பஸ்ஸுக்குப் போகிறவர்கள் பார்த்துக்கொண்டு போனார்கள். பார்க்கட்டும். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. உலகத்தில் எத்தனை வசவு இருக்கிறது! போயும் போயும் அதையா சொல்ல வேண்டும்? சொல்லிவிட்டு, மன்னிப்பு அவர் கேட்கட்டும் என்று பதினான்கு வருஷம் உட்கார்ந்திருந்த மகராசன்!

உள்ளே வந்தபோது கடைக்காரர் பற்றவைக்கும் கோலைச் சூடாக்கித் தயாராக வைத்திருந்தார்.

"பிடுங்கிடலாமா சார்?"

"வேணாம். எதையும் தொடாதீங்க. அப்படியே போட்டு வாசிச்சுக் காட்டுங்க."

"எனக்கு ரிப்பேர் பாக்கிற அளவுக்குத்தான் வாசிக்கத் தெரியும்."

"அது போதும்."

வால்வுகள் சூடேறி மெல்லச் சிவக்கும்வரை இருவரும் காத்திருந்தார்கள். கடைக்காரர் கிட்டாரை மடியில் வைத்துக் கம்பிகளை ஓட்டினார். அதே தகரச் சத்தம், அதே ஆணி. தம்பிக்காரன் இரண்டு உள்ளங்கையையும் எடுத்துக் காதுகளை இறுக்கிப் பொத்திக்கொண்டான்.

கீறல் போய்விட்டது. கூர்மையெல்லாம் உள்ளங்கையில் தடுக்கி வெளியே நின்றுகொள்ள, உள்ளே வந்தது அந்தச் சத்தம். தோளில் வெந்நீர் ஊற்றுகிற அந்தப் பழைய சத்தம், ஒரு துளி குறையாமல். அண்ணனுக்குக் கடைசிவரை இது இப்படித்தான் கேட்டிருக்கிறது. ஏழு பேர் முன்னால் இதை வாசித்துவிட்டுத்தான் எப்படி இருக்கிறது என்று கேட்டிருக்கிறார்.

கடைக்காரர் அவன் காதைப் பொத்தியதைப் பார்த்துச் சங்கடப்பட்டு, சத்தத்தைக் குறைக்க அடுப்புத் திருகுக்குக் கையைக் கொண்டுபோனார். தம்பிக்காரன் வேண்டாம் என்று வேகமாகத் தலையை ஆட்டினான். கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கவில்லை. துடைக்க வேண்டுமானால் கையை எடுக்க வேண்டும்.

"நல்லாயிருக்குண்ணே" என்றான். காது அடைத்திருந்ததால், கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டான்.