பேர் சொல்லிக் கூப்பிட ஓர் ஆள்

குடிவரவு அலுவலகத்தின் கடிதம் வந்த அன்று, மொன்ரியல் சென்ட் லோரன்ட் மருந்துக் கொம்பனியில் வேலை முடித்து, இரண்டு பஸ் மாறி பியர்பொன்ட்ஸ் வீட்டுக்கு வந்தவள், இன்னும் சப்பாத்துக்கூடக் கழற்றவில்லை. என் தம்பி றெக்ஸ் குசினி மேசையில் கடிதத்தை விரித்துப் போட்டுவிட்டுப் பேயறைந்தவன் மாதிரி இருந்தான்.

"வாசி" என்றேன்.

வாசித்தான். அவனுடைய மனைவி மோனிக்காவைப் போனில் நேர்முகம் எடுத்திருக்கிறார்கள். கணவனின் தாயாருடைய பெயர் என்ன என்று கேட்டதற்கு அவள் பதில் சொல்லவில்லையாம். சரி, உன் மகளின் பெயரையாவது சொல் என்று கேட்டதற்கும் வாய் திறக்கவில்லையாம். இந்தக் கல்யாணம் உண்மைதானா என்று சந்தேகம் இருக்கிறது. முப்பது நாளுக்குள் விளக்கம் தராவிட்டால், தாயையும் பிள்ளையையும் கனடாவுக்கு எடுக்கிற விண்ணப்பம் தள்ளுபடி.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. "பெத்த பிள்ளையின்ர பேரைச் சொல்லாத தாய் எந்த உலகத்தில இருக்கிறாளடா?"

"அக்கா, அவளுக்குக் கூச்சமாயிருக்கும்."

"கூச்சமாம். பிள்ளை காய்ச்சலில கிடக்கேக்க கூச்சப்பட்டவளே?"

என் மனிசன் சூசைப்பிள்ளை தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தார். நான் சத்தம் போடுகிற நேரமெல்லாம் அவர் அப்படித்தான்.

றெக்ஸ் எங்கே போய்க் கல்யாணம் கட்டினான் என்பதைச் சொல்ல வேண்டும். திருகோணமலையிலிருந்து அவுஸ்திரேலியாவுக்கென்று படகேறியவனைப் பப்புவா நியூகினித் தீவு ஒன்றில் நாலைந்து வருடம் கம்பிவேலிக்குள் போட்டுவிட்டார்கள். வெளியே விட்டபிறகு, அங்குள்ள பட்டினச் சந்தையில் பாக்கு விற்க வந்த மோனிக்காவைக் கண்டு, அவளுடைய ஊருக்கே போய்விட்டான். கமாரோ என்று ஊரின் பெயர். போனில் வரைபடத்தைத் திறந்து தேடினால் பச்சை நிறமும் வளைந்து போகிற ஓர் ஆறும்தான் தெரியும். பட்டினத்திலிருந்து இரண்டு நாள் இயந்திரப் படகு. இரண்டாம் வகுப்பு வரைக்கும் ஒரு பள்ளிக்கூடம். அதன் வாத்தியாரும் நத்தார் விடுமுறைக்கு வீட்டுக்குப் போனவர் போனவர்தான். மருந்துக் கொட்டில் உண்டு, மருந்து இல்லை. சனம் வனிலாக் கொடி நட்டிருக்கிறது, ஆனால் காய்த்ததைக் கொண்டுபோய் விற்கத்தான் வழியில்லை. மோனிக்கா அந்தக் கொட்டிலில் குழந்தைகளுக்கு நிறை பார்த்து ஒரு கொப்பியில் எழுதி வைப்பாள்.

நாங்கள் றெக்ஸைக் கனடாவுக்கு எடுத்தபோது அவளுக்குப் பிறப்புச் சான்றிதழே கிடையாது. அவன் முன்னால், தாயும் பிள்ளையும் பின்னால் என்று முடிவானது. அந்தப் 'பின்னால்' மூன்று வருடமாகிவிட்டது. இதற்குள் பிள்ளைக்கு இரண்டு முறை மலேரியா வந்து தப்பியிருக்கிறாள். மூன்றாவது முறை என்ன ஆகும் என்பதுதான் என் பயம். கோபமும் அதனால்தான் வந்தது.

கமாரோவில் போன் எடுபடாது. ஒரு மணித்தியாலம் மலை ஏற வேண்டும். ஒவ்வொரு சனிக்கிழமை காலையும் மோனிக்கா ஏறுவாள். எங்களுக்கு அது வெள்ளி பின்னேரம். அந்த வெள்ளிக்கிழமை நான் போனை றெக்ஸிடமிருந்து பறித்து ஸ்பீக்கரில் போட்டே விட்டேன்.

"என்னெண்டு கேள். பிள்ளையின்ர பேர் அவளுக்குத் தெரியுமோ தெரியாதோ எண்டு கேள்."

றெக்ஸ் அவர்களுடைய பிஜின் பாஷையில் கேட்டான். அந்தப் பக்கம் மலைக் காற்று இரைந்தது. அந்தச் சத்தத்துக்குள் அவள் மெதுவாக ஏதோ சொன்னாள். அவன் முகம் மாறியது.

"என்னவாம்?"

"அக்கா, அவையின்ர ஊரில புருசன்ர ஆக்களின்ர பேரைப் பொம்பிளையள் சொல்லக்கூடாதாம். சொன்னால் அந்தப் பேருக்குரிய ஆளுக்குக் கெடுதி வருமாம். நான்தானே பிள்ளைக்கு எங்கட அம்மான்ர பேரை வைச்சனான்..."

றோஸ்மேரி. எங்கள் அம்மா. அவர் செத்த மறுவருடம் பிறந்த பிள்ளைக்கு அந்தப் பெயர்தான் வேண்டும் என்று இங்கிருந்து அடம்பிடித்தவள் நான். மோனிக்கா மறுக்கவில்லை. ஞானஸ்நானத்தில் அந்தப் பெயரை வைக்க விட்டுவிட்டு, அன்றிலிருந்து பிள்ளையைக் 'கியோ' என்று கூப்பிட்டிருக்கிறாள். அது ஆற்றங்கரையில் திரிகிற ஒரு சின்னக் குருவியாம். நாங்கள் அதை வீட்டுப் பேர் என்றே நினைத்தோம். எங்களில் யாருக்குத்தான் வீட்டுப் பேர் இல்லை? கிளி என்பது என்ன, என் பாஸ்போர்ட்டில் இருக்கிற பெயரா?

"நாலு வருசம் கூட இருந்தனி, உனக்கு இது தெரியாதோடா?"

"நானும் வீட்டுப் பேர் எண்டுதான் நினைச்சன், அக்கா. நான் வெளிக்கிட்ட பிறகு அவளுக்கு முன்னால ஆரும் அந்தப் பேரைச் சொல்லுறேல்லயாம், மரியாதைக்கு."

எனக்கு ஏழெட்டு வயதில் நடந்த ஒன்று ஞாபகம் வந்தது. அகதி முகாமில் பதிவுக்காரன் அம்மாவிடம் புருசன் பேர் கேட்கிறான். அம்மா சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு நிற்கிறார். பின்னால் வரிசை முணுமுணுக்கிறது. அம்மா என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளி, "நீ சொல்லடி" என்கிறார். நான் சொன்னேன். அவன் எழுதினான். அவ்வளவுதான் விஷயம். நான் சூசைப்பிள்ளையின் பெயரை ஒரு நாளைக்குப் பத்துத்தரம் கத்துகிறவள் என்பதால் இதையெல்லாம் மறந்து போனேன். மோனிக்காவைத் திட்டியதை நினைக்க வெட்கமாக இருந்தது.

"பிள்ளை சொல்லலாமோ எண்டு கேள்" என்றேன்.

பிள்ளை சொல்லலாமாம். அவளுக்கு அது இரத்த உறவு.

ஆனால் ஐந்து வயதுப் பிள்ளைக்கு அந்தப் பெயர் மறந்தே போயிருந்தது. "உன்ர பேர் றோஸ்மேரி" என்று றெக்ஸ் சொல்ல, "இல்லை, நான் கியோ" என்று கோபித்தாள். கோபத்தில் மட்டும் அப்படியே என்னைப் போல. அதற்குப் பிறகு வெள்ளிக்கு வெள்ளி நான்தான் வாத்தியார். பாடம் தொடங்கியதும் மோனிக்கா போனைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு, ஊர் மரியாதைப்படி காதில் விழாத தூரத்துக்கு நடந்து போய்விடுவாள். பேர் என்ன? றோஸ்மேரி. அப்பாவின் அம்மா பேர் என்ன? றோஸ்மேரி. ஒருநாள் பிள்ளை சிரித்துக்கொண்டு, "அவவும் நானோ?" என்று கேட்டதாக றெக்ஸ் சொன்னான். அன்று நான் குசினிக்குள் போய் நின்று அழுதேன்.

விளக்கக் கடிதத்தை என் மகள் லோஜினி பிரெஞ்சில் எழுதினாள். அதோடு போகிற படிவத்தில், மோனிக்காவின் பிறந்த இடம் என்ற கட்டத்தில் றெக்ஸ் முன்பு பட்டினத்தின் பெயரைப் போட்டிருந்தான். இந்த முறை கமாரோ என்றே போடச் சொன்னார்கள் ஊர்ப் பெரியவர்கள். தங்கள் ஊரின் பெயர் ஒரு கடுதாசியிலாவது இருக்கட்டுமாம்.

இரண்டாவது நேர்முகம் ஆவணியில் நடந்தது. பட்டினத்தில் கணினிக்கு முன்னால் தாயும் மகளும். கேள்வி கேட்டவர் நல்ல மனிசி என்று பிறகு மோனிக்கா சொன்னாள். இந்த முறை அந்த மனிசி பிள்ளையைத்தான் கேட்டாராம். பிள்ளை தன் பெயரைச் சொன்னாள், அப்பம்மாவின் பெயரைச் சொன்னாள், கேட்காமலே, "மொன்ரியலில கிளி மாமி இருக்கிறா, சரியான சத்தம் போடுவா" என்றும் சொன்னாளாம். புரட்டாதியில் விசா வந்தது. சூசைப்பிள்ளை வேலைக்குப் போகாமல் றெக்ஸோடு கட்டில் வாங்கப் போனார். நெஞ்சில் மூன்று வருடமாக இருந்த பாரம் எங்கே போனதென்று தெரியவில்லை.

கார்த்திகையில் வந்து சேர்ந்தார்கள். விமான நிலையத்தில் மோனிக்கா என் கைகளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என் பெயரையும் அவளால் சொல்ல முடியாது. 'கியோவின் மாமி' என்று அழைத்தாள். அதற்கு என்ன, அழைக்கட்டும். காரில் வரும்போதே, கிட்டத்தில் மருந்துக் கொட்டில் இருக்கிறதா என்று கேட்டாள். "இருக்கு. அங்க ரெண்டு நாள் படகு, இஞ்ச ஆஸ்பத்திரிக் கதிரையில பதினாறு மணித்தியாலம் காவல்" என்றேன். றெக்ஸ் அதை மொழிபெயர்க்கவில்லை. நேர்ஸ் வேலைக்குப் படித்துவிட்டு ஊரில் போய்ச் செய்யலாமா என்றும் கேட்டாள். வந்து ஒரு மணித்தியாலம் ஆகவில்லை, அதற்குள் திரும்பிப் போகிற யோசனை. எனக்கு அவளைப் பிடித்துப்போனது.

மறுநாள் காலை முதல் பனி கொட்டியிருந்தது. நான் அப்பத்துக்கு மாக் கரைத்துக்கொண்டிருந்தேன். மோனிக்கா கோப்பை கழுவினாள். பின்கதவு திறந்த சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தால், பிள்ளை வெறுங்காலோடு பனிக்குள் நிற்கிறாள்.

"றோஸ்மேரி! உள்ள வா, கால் விறைக்கப் போகுது!"

அடுத்த வீடு கேட்கக் கத்தினேன். பிள்ளை சிரித்துக்கொண்டு ஓடி வந்தாள். திரும்பினால், மோனிக்கா குழாயை மூடிவிட்டு, ஈரக் கையோடு அசையாமல் நிற்கிறாள். கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நான் பதறி, சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டேனோ என்று றெக்ஸைக் கூப்பிட்டேன்.

அவன் அவளோடு கதைத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"பிழையில்லையாம். அவள் காது கேட்க ஆரும் பிள்ளையை அந்தப் பேரால கூப்பிட்டு மூண்டு வருசமாம், அக்கா. இன்னொருக்காக் கூப்பிடட்டாம்."

பிள்ளை என் காலடியில்தான் நின்றாள். இருந்தாலும், பக்கத்து ரொக்ஸ்பரோ ரயில் ஸ்டேசன் வரைக்கும் கேட்கும்படி இன்னொருமுறை கூப்பிட்டேன்.